கோல் வாசலில் உப்பு

ஓம், இந்த பஸ் அங்கதான் போகும். ஐஸ் அரீனாவுக்குத்தானே கேட்டீங்கள்? இதில இருங்கோ. நீங்கள் தமிழ் எண்டு ஏறேக்கையே விளங்கிட்டுது. டிரைவருக்குத் திருப்பித் திருப்பித் தேங்யூ சொன்னீங்கள். புதுசா வந்த ஆக்கள்தான் அப்பிடிச் சொல்லுவினம். கோவிக்காதேங்கோ அண்ணா, நான் பட்டெண்டு கதைக்கிற ஆள்.

அரீனாவில என்ன அலுவல்? சறுக்கவோ? சப்பாத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லை. மினுக்கி வைச்சிருக்கிறீங்கள். இன்ரர்வியூவோ? ஐஸ் பராமரிக்கிற வேலைக்கோ?

அட. அது என்ர வேலை.

எழும்பாதேங்கோ, இருங்கோ. உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை. என்னை நிப்பாட்டிப்போட்டினம், இடம் காலி, நீங்கள் கேட்டிருக்கிறீங்கள். அவ்வளவுதான். ஆனா ஏன் நிப்பாட்டினது எண்டு உள்ள ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லமாட்டினம். "முன்னம் இருந்த பிள்ளை கடமையில தவறிட்டுது" எண்டு மட்டும் சொல்லுவினம். தவறேல்லை அண்ணா. கடமை என்னெண்டு வடிவாத் தெரிஞ்சுகொண்டு செய்யாமல் விட்டனான். ரெண்டும் வேற.

இண்டைக்கு நானும் அங்கதான் போறன். மேல்மாடியில கூட்டம் ஒண்டு வைச்சிருக்கினம். அதில நான் ஒரேயொரு வசனம் சொல்லவேணும். சொன்னா, கீழ சுவரில ஒரு படத்துக்குக் கீழ இருக்கிற பேரை மாத்துவினம். என்ர பேரைப் போடுவினம். சொல்லாட்டி இருக்கிற பேர்தான். அவ்வளவு சின்ன விசயம். அதுக்காக ரெண்டு வருசமா என்ர வயிறு எரியுது.

பேர் என்ன சொன்னீங்கள்? நிசாகரனோ? நான் துளசிகா. பள்ளிக்கூடம் முடிக்கேல்லை, கேக்க முதல் சொல்லிப்போடுறன். கடைசி வருசம் விட்டனான். ஏன் எண்டால் பிடிக்கேல்லை. இதுக்கு மேல அதில கதை இல்லை.

இன்ரர்வியூவில உங்களிட்ட அரீனாவின்ர வரலாறு கேப்பினம். கேக்கிறது அவையளுக்கு ஒரு பழக்கம். நான் சொல்லித்தாறன், இந்த றோட்டில பஸ் ஊரும், நேரம் இருக்கு.

முதல்ல அது வெறும் குளம். குளிருக்குத் தண்ணி இறுக, பெடியள் போய்ச் சறுக்கிறது. ஒருக்கா ஐஸ் உடைஞ்சு குதிரைவண்டி ஒண்டு உள்ள போயிட்டுதாம். குதிரையை இழுத்து எடுத்துக் காப்பாத்தினவையாம். வண்டிக்காரனுக்கு என்ன நடந்தது எண்டு இண்டை வரைக்கும் ஒருத்தரும் சொல்லுறேல்லை. பிறகு, ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோட, தக்காளியை ரின்னில அடைக்கிற பக்ரறி ஒண்டு இஞ்ச இருந்தது. அந்தப் பக்ரறிச் சனம் ஞாயிற்றுக்கிழமையளில தாங்களே மரம் தூக்கிக் கட்டின கட்டடம் அது. கூரைக்குள்ள நிமிந்து பாத்தா, கப்பலைக் கவிட்டு வைச்ச மாதிரி வளைஞ்ச மரம். நான் சின்னனில உண்மையாவே கப்பல் எண்டுதான் நினைச்சனான்.

அந்தக் கூரை ஒழுகும். வெயில் காலத் தொடக்கத்தில பனி உருகிச் சொட்டுச் சொட்டா ஐஸில விழுந்து, இறுகி, கொப்புளம் கொப்புளமா நிக்கும். வெளியூர் ரீம் வந்தா அதில தடக்கி விழும். எங்கட பெடியளுக்கு எந்தக் கொப்புளம் எங்க இருக்கு எண்டு மனப்பாடம். நாங்கள் வெண்ட மச்சில பாதி அந்தக் கூரை வெண்டு தந்தது. இதை இன்ரர்வியூவில சொல்லாதேங்கோ.

கோடையில ஐஸைக் கழட்டிப்போடுவினம். கீழ வெறும் சீமெந்து நிலம். எங்கட சனம் இந்த ஊருக்கு வரத் தொடங்கின நேரம் மண்டபம் எடுக்க வசதியில்லை, அதை எடுத்திச்சினம். கலியாணம், பொங்கல், செத்தவீட்டு அந்தியேட்டிச் சாப்பாடு, எல்லாம் அங்கதான். எங்கட அம்மா அப்பாவின்ர கலியாணமும் அங்கதான் நடந்தது. வீடியோவில ஐயர் மந்திரம் சொல்லுறார், பின்னால சுவரில பெரிய ஸ்கோர் போட். ஒரு பக்கம் உள்ளூர், மற்றப் பக்கம் வெளியூர். அப்பா உள்ளூருக்குக் கீழ இருக்கிறார், அம்மா வெளியூருக்குக் கீழ. அண்டைக்குத் தொடங்கின மச் இன்னும் முடியேல்லை.

சிரிக்கிறீங்கள், நல்லது. இனிச் சிரிப்பு வராது.

நான் சின்னனில இருந்தே அங்க ஐஸ் ஹொக்கியில கோலுக்க நிண்டனான். பெடியளோட. எங்கட ஊர் ரீமில பெட்டையளும் விளையாடலாம், சட்டம் ஒண்டும் இல்லை. நான் பெரிய பிள்ளை ஆன உடன அம்மா சாமத்திய வீடு வைச்சா. எங்க வைச்சா எண்டு நினைக்கிறீங்கள்? அங்கதான். என்னைச் சோடிச்சு இருத்தின கதிரை எங்க போட்டது தெரியுமோ? வடக்குப் பக்கக் கோல் வாசல். நான் காலில பாட் கட்டிக்கொண்டு நிக்கிற அதே இடம். இப்ப அதில நெத்திச்சுட்டியும் பட்டுச்சீலையுமா இருக்கிறன், ஒவ்வொரு அன்ரியா வந்து மஞ்சள் தண்ணி தெளிக்கினம். எல்லாம் முடிய அம்மா சொன்னா, "இனிக் காணும். பெடியளோட இடிபட்டு விளையாடினது காணும். நாலு பேர் கதைக்கப் போகுது."

அந்த நாலு பேரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்.

இப்ப அஜிந்தன் வாறான். எங்கட வீட்டில இருந்து ரெண்டு வீடு தள்ளி. அவன்ர அப்பா சிவகடாட்சம் அங்கிள், தமிழ்ச் சங்கத் தலைவர், வீடு வித்துக் குடுக்கிற ஆள். உந்த பஸ் தரிப்பில சனம் இருக்கிற வாங்குகளில, விளம்பரத்தில பல்லுக் காட்டிக்கொண்டு ஒரு முகம் இருக்குதே, அவர்தான். அவருக்கு மகன் ஹொக்கி விளையாடவேணும், அதுவும் கோலுக்க நிக்கவேணும். ஏன் எண்டா பேப்பர்ப் படத்தில கோலி கட்டாயம் வருவான். ஆனா அஜிந்தனுக்கு அந்த ரப்பர் வட்டு, பக், அதைக் கண்டாப் பயம். பக் வரேக்க கண்ணை மூடுவான். கோலி கண்ணை மூடினா என்ன நடக்கும்? எல்லாம் உள்ள.

யோசனை அவன்ரதான். ஒருநாள் எங்கட மதிலடிக்கு வந்து எட்டிக் கூப்பிட்டான். "துளசி, என்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு நீ நில்லன். மாஸ்க் போட்டா ஆருக்கடி தெரியும்?"

"உனக்கு விசரோ?"

"எனக்கு விசரில்லை, பயம். நீ விளையாட ஆசைப்படுறாய், நான் ஓட ஆசைப்படுறன். ரெண்டு பேருக்கும் சரிதானே?"

அப்பிடித்தான் தொடங்கினது. நான் மச் பாக்கப் போறன் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டு வருவன். உடுப்பு மாத்திற அறைக்குப் பக்கத்தில பழைய துடைப்பம் வைக்கிற அறை. அதுக்குள்ள நான் அவன்ர உடுப்புக்குள்ள போவன். அவன் மேல்மாடியில கதிரையள் அடுக்கி வைச்சிருக்கிற இடத்தில ஒளிச்சிருந்து மீன் ரோல் தின்னுவான். முடிஞ்சதும் அவன் குழாயைத் திறந்து தலையை நனைச்சுக்கொண்டு மாஸ்க்கைக் கையில பிடிச்சபடி வெளியில வருவான், வேர்த்துக் களைச்ச மாதிரி. எங்கட கோச், டக் எண்டு பேர், அந்தாளுக்குத் தெரியும். நேற்று வரைக்கும் நடுங்கினவன் இண்டைக்கு மலை மாதிரி நிண்டா ஆருக்குத்தான் விளங்காது? ஆனா ரீம் வெல்லுது. அந்தாள் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப எங்கயோ வெயில் உள்ள ஊரில கோல்ஃப் அடிக்குது, போன் அடிச்சா எடுக்கிறேல்லை.

பழைய கட்டடத்தை மூட முதல் கடைசி மச். நகரக் கிண்ணம். ரெண்டு பக்கமும் சமன், சமனில முடிஞ்சாலும் கிண்ணம் எங்களுக்கு. முடியிற நேரம் மற்ற ரீமுக்கு ஒரு தண்ட அடி கிடைச்சுது. அடிக்கிறவனும் கோலியும் மட்டும், இடையில ஆருமில்லை. அவன் வாறான். பெரிய பெடியன், தாடி முளைச்சிட்டுது. நான் முன்னுக்குப் போனன், அவன் வலப்பக்கம் காட்டி இடப்பக்கம் வெட்டினான், நான் விழுந்திட்டன். எல்லாரும் கோல் எண்டு நினைச்சினம். நான் கிடந்தபடி காலை நீட்டினன். ஸ்கேற்றின்ர நுனியில பட்டு அந்தப் பக் மேல கிளம்பி வலைக்கு வெளியால போச்சுது.

அண்ணா, அந்தச் சத்தம் உங்களுக்குச் சொல்லி விளங்காது. பக்ரறிச் சனம் கட்டின அந்தக் கூரை எங்களுக்கு மேல விழப்போகுது எண்டு நினைச்சன்.

அந்த நேரம்தான் ஒருத்தன் படம் எடுத்தவன். நான் கிடக்கிறன், கால் நீட்டியிருக்கு, பக் காத்தில. முதுகில "சிவகடாட்சம்" எண்டு எழுதியிருக்கு.

அண்டைக்குப் பின்னேரம் சங்கம் விருந்து வைச்சுது. அஜிந்தனுக்கு மாலை, பொன்னாடை. சிவகடாட்சம் அங்கிள் மகனைத் தூக்கப் பாத்தார், ஏலாமல் போச்சு, சும்மா கட்டிப்பிடிச்சார். அம்மா என்னட்டைத் தட்டத்தைத் தந்து, "போய் எல்லாருக்கும் வடை குடு" எண்டா. குடுத்தன். எனக்கு இடுப்பு முறிஞ்ச மாதிரி நோகுது, குனிஞ்சு குனிஞ்சு வடை குடுக்கிறன். அஜிந்தனுக்கு முன்னால வந்தன். அவன் வடையை எடுக்கேல்லை. என்னைப் பாத்துக்கொண்டே நிண்டான், முகம் வெளிறிப்போய். பெருமை தலைக்கேறினா ஆக்களுக்கு அப்பிடித்தான் முகம் போகும்.

வீட்டை வந்து அம்மாட்டைச் சொன்னனான். "அம்மா, அது நான்." அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நிமிந்தும் பாக்கேல்லை. "பொறாமைப்படாத. அந்தப் பெடியன்ர பேரைக் கெடுக்காத." அவ்வளவுதான்.

பிறகு திருத்த வேலை தொடங்கிச்சுது. ரெண்டு குளிர்காலம் மூடியிருந்தது. மரக் கூரையைக் கழட்டி இரும்புக் கூரை. வாங்குகளை எடுத்துப்போட்டு முதுகு சாய்க்கிற கதிரை. நிலத்துக்குக் கீழ ஓடின பழைய குளிர்க் குழாய் எல்லாத்தையும் கிண்டி எடுத்துப் புதுக் குழாய். முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி. அந்த நேரம்தான் ஐஸ் வேலைக்கு ஆள் எடுத்தவை. நான் போனன். பள்ளிக்கூடம் முடிச்சனியோ எண்டு கேட்டினம், இல்லை எண்டன். ஐஸைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்டினம். "அதுக்கு மேல நிறையத் தரம் விழுந்திருக்கிறன்" எண்டன். சிரிச்சினம், எடுத்தினம்.

நீங்கள் ஐஸ் எண்டா தண்ணியை ஊத்தினா இறுகும் எண்டு நினைச்சிருப்பீங்கள். ஒரேயடியா ஊத்தக் கூடாது. மெல்லிய தூறலா விசிறவேணும், இறுக விடவேணும், திரும்ப விசிறவேணும். பிறகு வெள்ளைப் பெயின்ற். பிறகு கோடு. கோல் வாசலுக்கு நீலம். அதுக்கு மேல திரும்பத் தண்ணி. எல்லாம் சேர்ந்தும் என்ர ரெண்டு விரல் தடிப்புத்தான். ஐஸுக்குச் சத்துரு ஒண்டுதான், அது சூடில்லை. உப்பு. உப்பு விழுந்தா உடனே சுரண்டி, குழியை வெட்டி, ஐஸ் தூளும் தண்ணியும் போட்டு அடைக்கவேணும். சுணங்கினா அது கீழ இறங்கி இறங்கி நீலம் வரைக்கும் தின்னும். மேலால பாத்தா ஒண்டும் பெரிசாத் தெரியாது. கால் வைச்சாத்தான் தெரியும். இதை மறக்காதேங்கோ, இன்ரர்வியூவில கேப்பினம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில வரலாற்றுச் சுவர் எண்டு ஒண்டு கட்டினவை. குளத்தின்ர படம் இருக்கு. தக்காளிப் பக்ரறிச் சனம் மரம் தூக்கிற படம் இருக்கு. குதிரையின்ர படம் கூட இருக்கு. எங்கட சனத்தின்ர கலியாணப் படம் ஒண்டும் இல்லை. கடைசியா, ஆள் உயரத்துக்கு, என்ர படம். நான் கிடக்கிறன், கால் நீட்டியிருக்கு. கீழ எழுத்து: அஜிந்தன் சிவகடாட்சம், இந்த அரங்கின் முதல் தமிழ்க் கோலி. சிவகடாட்சம் அங்கிள் திருத்த வேலைக் குழுவில இருந்தவர். எப்பிடி வந்தது எண்டு யோசிக்கத் தேவையில்லை.

நான் அந்தச் சுவருக்கு முன்னால தினமும் கூட்டிற தும்புத்தடியோட போகவேணும் அண்ணா. தினமும்.

அஜிந்தனைப் பிடிச்சுக் கேட்டன். அவன் அப்ப யூனிவேர்சிற்றி. "டேய், சொல்லு. அது நான் எண்டு சொல்லு."

"சொல்லுறன் துளசி. அப்பாவுக்கு முதல் ஆறுதலாச் சொல்லவேணும். கொஞ்சம் பொறு."

"எவ்வளவு பொறுக்கிறது? நீ உண்மையைச் சொல்ல, நான் கிழவியாகோணுமோ?"

"பெண்கள் லீக் ஒண்டு இருக்கு. கோலி தேடினம். நான் உன்னைப் பற்றிக் கதைச்சிருக்கிறன். போய்ப் பார்."

பாத்தீங்களோ? என்ர படத்தை எடுத்துப்போட்டு எனக்குப் பிச்சை போடுறான். நான் போகேல்லை. அதோட நிண்டானோ? ஒருநாள் வாசலைத் திறக்கிறன், அவன்ர பாட், மாஸ்க், கையுறை எல்லாம் ஒரு பையில கட்டி வாசலில கிடக்குது. தன்ர குப்பையை எங்கட வாசலில கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். மாஸ்க்குக்குப் புதுசாப் பெயின்ற் அடிச்சு துளசி இலை ஒண்டு கீறிக் கிடந்தது. நக்கல். அப்பிடியே கட்டிலுக்குக் கீழ தள்ளிவிட்டிட்டன். பிறகு நான் ஐஸை மழமழப்பாக்கிற மிஷின் ஓட்டேக்க வந்து வந்து கதிரையில இருப்பான், கோப்பியும் கையுமா. நான் என்ன செய்யிறன் எண்டு வேவு பாக்கிறான். இவ்வளவு செய்தவனை என்ன செய்யிறது சொல்லுங்கோ? நான் தீர்மானிச்சிட்டன், இவன் எல்லாருக்கும் முன்னால விழவேணும் எண்டு.

சந்தர்ப்பத்தை அவன்ர அப்பாவே தந்தார். திறப்பு விழா. மேயர், சனம், மேளம், எல்லாம். சிவகடாட்சம் அங்கிள் ஒரு நிகழ்ச்சி வைச்சார்: நகரத்தின்ர வீரன் அஜிந்தன் கோலுக்க நிப்பான், ஆர் வேணுமெண்டாலும் வந்து அடிக்கலாம். அவருக்கு மகன் கண்ணை மூடுறவன் எண்டு இன்னும் தெரியாது. எனக்கு நெஞ்சு குளிந்து போச்சு. நான் ஒரு அடி அடிச்சாக் காணும், ஊருக்கே விளங்கும்.

அஜிந்தன் இரவல் பாட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கோல் வாசலில வந்து நிண்டான். அப்ப பாருங்கோ, அவன்ர அம்மா சாந்தமலர் அன்ரி, காஞ்சிபுரம் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, விரிச்ச கம்பளத்தில நடந்து வாறா. கையில சருவச்சட்டி. செத்தல் மிளகாய், வேப்பிலை, ரெண்டு கையும் கொள்ளாத கல்லுப்பு. மகனுக்கு நாவூறு கழிக்கப் போறா. இவ்வளவு சனம் பாக்குது, கண் படுமாம். வலது பக்கம் சுத்தினா, இடது பக்கம் சுத்தினா, வெள்ளையள் எல்லாம் போன்ல வீடியோ எடுக்கினம். சுத்தி முடிஞ்சா அதை நெருப்பில போடவேணும். அங்க நெருப்பு மூட்ட விடமாட்டினம், புகை மணி அடிக்கும். நெருப்பில்லாட்டி? தண்ணியில போடலாம். அன்ரி சுத்திவரப் பாத்தா. தண்ணி எங்க?

பிறகு கீழ பாத்தா.

ஐஸும் தண்ணிதானே அண்ணா. அன்ரியின்ர கணக்கில பிழையில்லை. சட்டியை அப்பிடியே கவிட்டா, மகன்ர காலடியில, நீலத்துக்கு மேல. மிளகாயையும் இலையையும் ஒரு பெடியன் பொறுக்கினான். உப்பு அப்பிடியே ஐஸோட ஐஸா, வெள்ளையோட வெள்ளையாக் கிடக்குது.

நான் மிஷினுக்குப் பக்கத்தில நிக்கிறன். கையில சுரண்டுற தடி. காலடியில வாளி. ஓடிப்போய் எடுத்தா உடன முடிஞ்சிருக்கும். அதுதான் என்ர வேலை.

நான் ஒரு அடியும் வைக்கேல்லை.

சிவகடாட்சம் அங்கிள் மைக்கைப் பிடிச்சார். அவர் மைக்கைப் பிடிச்சா விடமாட்டார் எண்டு ஊருக்கே தெரியும். தான் வந்த கப்பல், தான் கழுவின கோப்பை, தான் வித்த முதல் வீடு. அவர் கதைக்கக் கதைக்க உப்பு இறங்குது. எனக்கு நிண்ட இடத்தில இருந்தே தெரியுது, நீலம் கருகிக்கொண்டு வாறது. அந்தாள் இவ்வளவு பிரயோசனமாக் கதைச்சது அண்டைக்குத்தான்.

மேயர் வந்து தள்ளினார், பக் ஊர்ந்து போச்சு, அஜிந்தன் மறிச்சான், சனம் கத்திச்சுது. ரெண்டு சின்னப் பிள்ளையள் அடிச்சினம். அதுக்குப் பிறகு நான் ஸ்கேற்றைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கோட இறங்கினன். "எங்கட பெட்டை!" எண்டு அன்ரிமார் கை தட்டினம். அம்மா மட்டும் தலையில கையை வைச்சா.

நான் கிட்டப் போனன். "கண்ணை மூடாத" எண்டன்.

மாஸ்க்குக்குள்ளால சொல்லுறான், "துளசி, இதோட முடியுது. நீ அடி. பிறகு நான் மைக்கை வாங்கிச் சொல்லப் போறன். எல்லாத்தையும். மேயருக்கு முன்னால."

பயம் வந்தா மனுசன் எதையும் சொல்லுவான் அண்ணா. நான் அப்பிடி எத்தினை கதை கேட்டனான். திரும்பிப் போய் வேகம் எடுத்து வந்தன். அவன் கண்ணை மூடேல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். நேரா என்னையே பாத்துக்கொண்டு நிண்டான். நான் வலது பக்கம் காட்டி இடது பக்கம் வெட்டினன். அவன் இடது பக்கம் தள்ள உன்னினான். ஸ்கேற் அந்தக் குழிக்குள்ள மாட்டிச்சுது. உடம்பு திரும்பிச்சுது, கால் திரும்பேல்லை. பக் உள்ள.

நான் ரெண்டு கையையும் தூக்கினன்.

ஒருத்தரும் தட்டேல்லை. அவன் கத்தின சத்தம் மட்டும்தான். புது இரும்புக் கூரை, அந்தச் சத்தத்தை மேல கொண்டுபோய்த் திருப்பித் திருப்பித் தந்துது. மைக் ஒருத்தரின்ர கையிலயும் இல்லாமல் கம்பளத்தில கிடந்து உறுமிச்சுது.

முழங்கால் சவ்வு கிழிஞ்சிட்டுது. ஒப்பரேசன். சாந்தமலர் அன்ரி எல்லாரிட்டையும் சொன்னா, கழிச்சும் போகாத நாவூறு, அவ்வளவு கெட்ட கண் எண்டு. ஆரின்ர கண் எண்டும் சொன்னா. புதுக் கட்டடம் எண்டாப் புதுக் கமரா. அதில நான் தடியும் வாளியுமா உப்பைப் பாத்துக்கொண்டு நிக்கிறது வடிவா விழுந்திருக்கு. அடுத்த நாளே என்னை நிப்பாட்டினம். அந்தப் படத்தில கூட என்ர முகம் தெளிவு. மற்றப் படத்திலதான் மாஸ்க்.

இப்ப கூட்டத்துக்கு வாறன். அஜிந்தன் ஆசுப்பத்திரியில கிடந்தபடி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டான். அது நானில்லை, துளசி எண்டு. அங்கிள் என்ன சொன்னார் தெரியுமோ? மருந்து மயக்கத்தில மகன் பிதற்றுறானாம். அதால அரீனாக்காரர் சொல்லிப்போட்டினம்: அந்தப் பிள்ளை தானே வந்து தன்ர வாயால சொல்லவேணும், அப்ப பேரை மாத்துவம், வராட்டி இருக்கிறது இருக்கட்டும், இதுக்கு இனிக் கூட்டம் இல்லை எண்டு. அம்மாவுக்கும் சொல்லியிருக்கினம். அம்மா காலமை நான் போட்டிருக்கிற இந்தச் சிவப்புச் சேட்டை அயன் பண்ணிக் கதிரையில போட்டிட்டு வேலைக்குப் போயிட்டா.

ஏன் இப்ப சொன்னான் எண்டு நினைக்கிறீங்கள்? கால் போச்சு, இனி விளையாட ஏலாது, அந்தப் பேரால பிரயோசனம் இல்லை. அதுதான். இல்லை, முந்தியும் விளையாடேல்லைத்தான். ஓம். அது சரி. ஆனா... நீங்கள் ஆரின்ர பக்கம் அண்ணா?

மணியை அடியுங்கோ, அடுத்தது நாங்கள் இறங்கிற இடம்.

அங்க பாருங்கோ. இல்லை, தரிப்பில. கறுப்பு ஜக்கெற். கக்கத்தில ரெண்டு தடி. அவன்தான். இந்தக் குளிருக்குள்ள தொப்பியும் இல்லாமல் வந்து நிக்கிறான். பக்கத்தில வாங்கில ரெண்டு கோப்பி. ரெண்டு கோப்பி குடிக்கிறவனைப் பாருங்கோ. ஒவ்வொரு யன்னலா எட்டிப் பாக்கிறான். குனியுங்கோ அண்ணா, கொஞ்சம் மறையுங்கோ.

பொறுங்கோ. எனக்கு யோசிக்கவேணும்.

நான் இறங்கிப் போய்ச் சொன்னா என்ன நடக்கும்? எனக்குப் பேர் வரும். ஓம், வரும். ஆனா அவனுக்கு? "உண்மையைச் சொன்ன நல்ல பிள்ளை" எண்டு மேல்மாடியில இருக்கிற எல்லாரும் அவன்ர முதுகில தட்டுவினம். தடியோட வந்து நிண்டான், பெட்டையைக் கூட்டிக்கொண்டு போனான், என்ன பெரிய மனசு. அவன்ர அப்பாவும் அழுவார். எல்லாம் அவன் தந்ததா முடியும். என்ர படத்தையும் அவன்தான் எனக்குத் தந்ததா முடியும்.

நான் இறங்காட்டி?

இறங்காட்டி அந்தப் பேர் அங்கயே கிடக்கும். ஆள் உயரத்துக்கு. அவன் எந்த நாள் வந்தாலும் அதைப் பாக்கவேணும். கலியாணம் கட்டினா மனிசி கேப்பா, பிள்ளை பிறந்தா பிள்ளை கேக்கும், "அப்பா, அது நீங்களோ?" இல்லை எண்டு சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம். மருந்து மயக்கம் எண்டுவினம். நான் பட்டதை அவன் சாகும் வரைக்கும் படவேணும்.

ஓம். அதுதான் சரி. அதைவிடச் சரி ஒண்டுமில்லை.

நீங்கள் இறங்குங்கோ. கெதியா, டிரைவர் கதவைத் திறந்திட்டான். அந்தக் கண்ணாடி வாசலால உள்ள போய் நேர மேல. ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறீங்கள்? போங்கோ எண்டுறன். அவன் உங்களிட்டை வந்து கேப்பான், சிவப்புச் சேட்டுப் போட்ட பிள்ளை ஒண்டு உந்த பஸ்ஸுக்குள்ள இருந்ததோ எண்டு. இல்லை எண்டுங்கோ. ஒருத்தரும் இருக்கேல்லை எண்டுங்கோ.

அடுத்த பஸ்ஸில வருவாளோ எண்டு கேட்டா, வரலாம் எண்டு சொல்லுங்கோ.

நிக்கட்டும்.